கிண்ணமும் விசுவாசமும்: பேராக் காற்பந்து ரசிகரைப் பற்றி ஓர் ஆராய்ச்சி

மலேசியக் கிண்ணம் என்று இன்று வழங்கும் காற்பந்துக் கோப்பையைப் பேராக் மாநிலம் எட்டு முறை வென்றிருக்கிறது: 1926, 1931, 1957, 1967, 1970, 1998, 2000, 2018. வெற்றி பெற்ற ஆண்டுகளை வரிசையாக எழுதி வைத்து, அவற்றின் பெருமையைப் பேசுவது ஆட்டச் சரித்திரம் எழுதுவோரின் வழக்கம். ஆயினும் மனித சுபாவத்தை ஆராயப் புகுவோனுக்கு அந்த எட்டு ஆண்டுகளைக் காட்டிலும் அவற்றின் நடுவே கிடக்கும் இடைவெளிகளே அதிகப் பொருள் தருவன. 5 ஆண்டு, 26 ஆண்டு, 10 ஆண்டு, 3 ஆண்டு, 28 ஆண்டு, 2 ஆண்டு, 18 ஆண்டு என்று அவை நீண்டும் குறுகியும் செல்கின்றன. 1970இல் ஈப்போவில் பிறந்த ஒரு குழந்தை, தன் மாநிலம் கிண்ணத்தை ஏந்தும் காட்சியைக் காண்பதற்குள் பள்ளி முடித்து, வேலைக்குப் போய், கலியாணமும் செய்துகொண்டிருக்கலாம். இத்தனை காலம் ஒன்றும் கைகூடாதிருந்தும், ஆண்டுதோறும் கிண்ண ஆட்டங்கள் தொடங்கும் பருவத்தில் மஞ்சளும் கறுப்பும் அணிந்துகொண்டு மைதானத்துக்குப் போன ஜனங்களை அங்கே இழுத்துச் சென்றது எது? குறிப்பாக, ரப்பர்த் தோட்டங்களில் பிறந்து, அத்தோட்டங்களையே இழந்து நகரோரங்களில் குடியேறிய தமிழர்களுக்கு இந்த விசுவாசம் எவ்வாறு உண்டாயிற்று? இக்கட்டுரை ஆராய முற்படுவது இதனையே.

கிண்ணத்தின் பிறப்பிலேயே தோட்டப்புறத்துக்கு ஒரு மறைமுகமான சம்பந்தம் உண்டு. 1921ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மலாயாத் துறைமுகங்களுக்கு வருகை தந்த 'எச்.எம்.எஸ். மலாயா' என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பலின் அதிகாரிகளும் மாலுமிகளும், உள்ளூர் அணிகளோடு ஆடி மகிழ்ந்ததற்கு நன்றியாகக் காற்பந்துக்கு ஒன்றும் ரக்பிக்கு ஒன்றுமாக இரண்டு கிண்ணங்களை வழங்கினார்கள். அந்தக் கப்பலோ பிரிட்டிஷ் கஜானாவின் பணத்தில் கட்டப்பட்டதன்று. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கு கூட்டு மலாய் மாநிலங்களும் தம் வருவாயைக் கொடுத்துக் கட்டுவித்துச் சக்கரவர்த்திக்குக் காணிக்கையாக்கிய கப்பல் அது. அவ்வருவாயோ கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயத்திலும், அப்போதுதான் செழிக்கத் தொடங்கியிருந்த ரப்பரிலும் பிறந்தது. சீனர் தோண்டிய ஈயமும் தமிழர் வெட்டிய பாலும் கப்பலாகிக் கடல் சென்று, கப்பல் கிண்ணமாகி மீண்டு வந்தது எனலாம். கிண்ணத்துக்காக நடந்த முதல் போட்டியில் சிங்கப்பூர் வென்றது. அதுமுதல் 1941 வரை ஓராண்டும் தவறாமல் இறுதியாட்டத்துக்கு வந்து நின்றதும் சிங்கப்பூரே. 1926இலும் 1931இலும் பேராக் வீழ்த்தியது அத்தகைய எதிரியை.

இந்த ஆட்டம் தோட்டத் தமிழனின் வாழ்க்கைக்குள் நுழைந்த விதத்தை அறிய வேண்டுமானால், பழைய ரப்பர்த் தோட்டம் ஒன்றின் அமைப்பை மனத்தில் கொள்ள வேண்டும். விடியுமுன் பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்து, நிரைக்குச் சென்று மரம் வெட்டி, வெயில் ஏறுவதற்குள் பாலைச் சேகரித்துக் கொட்டகையில் நிறுத்துக் கொடுத்துவிட்டால், பால்மரம் வெட்டுபவனுக்குப் பிற்பகல் பெரும்பாலும் ஓய்வு. அவ்வோய்வு நேரத்தைக் கழிக்கத் தோட்டத்தில் இருந்த இடங்கள் நான்கு: கோயில், தமிழ்ப்பள்ளி, கள்ளுக்கடை, திடல். முதல் மூன்றும் தோட்டத்தின் எல்லைக்குள்ளேயே தொடங்கி அங்கேயே முடிவன. கோயிலுக்கு வருவோர் அதே லயத்து ஜனங்கள். பள்ளியோ பிள்ளைகளை ஆறாண்டு வைத்திருந்து பெரும்பாலும் மீண்டும் பால்மரத்துக்கே அனுப்பியது. கள்ளுக்கடையைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. திடல் ஒன்றே வெளியுலகத்தை நோக்கித் திறந்திருந்த வாயில். ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்து லாரியில் ஏறிப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போய் ஆடியவன், பிறகு பட்டணத்து அணிகளோடு ஆடினான். அவனைப் பின்தொடர்ந்து சென்ற தம்பிமார்களும் மாமன் மச்சான்களும் சுங்கை சிப்புட்டையும், பத்து காஜாவையும், தைப்பிங்கையும், முடிவில் ஈப்போவையும் கண்டார்கள். துரைமார்கள் திடலுக்கு இடம் விட்டது தொழிலாளரின் கவனத்தைத் தொழிற்சங்கத்திலிருந்து திருப்பும் உத்தேசத்தோடு என்று வாதிப்பாரும் உளர். அதில் உண்மை இல்லாமலும் இல்லை. ஆயினும் ஒரு காரியத்தைத் தொடங்குவோனின் உத்தேசமும் அதன் பலனும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்ற நியதி கிடையாது. தன்னை இன்ன கங்காணியின் ஆள், இன்ன தோட்டத்துக் கூலி என்று மட்டும் அறிந்திருந்த ஒருவன், பேராக்காரன் என்று தன்னை எண்ணத் தொடங்கியது திடலின் ஓரத்தில் நின்றபோதுதான்.

மாநில அணி ஆடும் மாலைகளில் லயத்தில் ரேடியோ இருக்கும் வீட்டு வாசல் ஒரு சிறு சபையாகிவிடும். நேர்முக வர்ணனை மலாய் மொழியில் வரும். மலாய் நன்கு தெரிந்த ஒருவர் ரேடியோவுக்குப் பக்கத்தில் அமர்ந்து, பந்து யாருடைய காலில் இருக்கிறது என்பதைத் தமிழில் சொல்லிக்கொண்டே வர, ஏனையோர் அவர் முகத்தைப் பார்த்தே ஆட்டத்தின் கதியை அறிந்துகொள்வார்கள். கோலாலம்பூரில் அச்சான 'தமிழ் நேசன்' தோட்டத்துக்கு வந்து சேர்ந்ததும், முந்தின நாள் முடிவு எல்லோருக்கும் தெரிந்திருந்தும், அந்தச் செய்தியை ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர் மீண்டும் கேட்பர். தெரிந்த வெற்றியை மறுபடி கேட்பதில் மனிதனுக்கு அலுப்பு உண்டாவதில்லை.

இனி, 1931க்கு அடுத்துவந்த மூன்று வெற்றிகளும் எத்தகைய காலத்தில் நேர்ந்தன என்று நோக்குவது தகும். 1957 மலாயா சுதந்திரம் பெற்ற ஆண்டு. பிரஜாவுரிமை யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்ற பிரச்சினை தோட்டந்தோறும் பேசப்பட்ட ஆண்டும் அதுவே. 1967இல் பழைய மலாயாக் கிண்ணம் மலேசியக் கிண்ணம் என்று பெயர் மாறியபோது அப்புதுப் பெயருடன் அதை முதலில் வென்ற மாநிலம் பேராக். ஆனால் அதே பத்தாண்டில்தான் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தங்கள் தோட்டங்களைக் கூறுபோட்டு விற்றுக்கொண்டிருந்தன. தோட்டத் துண்டாடல் என்று மலேசியத் தமிழர் நினைவில் நிலைத்துவிட்ட அக்கொடுமையை எதிர்க்கும் உபாயமாக, சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி.சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் திரட்டித் தோட்டங்களை வாங்க முனைந்தார். 1970ஆம் ஆண்டு வெற்றியோ இன்னும் துயரமான சூழ்நிலையில் வந்தது. பிரஜாவுரிமை இல்லாதோர் வேலை பெர்மிட் பெற்றே தொழில் செய்யலாம் என்ற சட்டம் 1968இல் இயற்றப்பட்டு, 1969 மே மாதக் கலவரத்தை அடுத்துக் கண்டிப்பாக அமலாக்கப்பட்டதும், அத்தகையோர்க்குரிய சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த தமிழர் ஏராளமானோர் மூட்டை கட்டிக் கப்பலேறினார்கள். அவ்வாறு இந்தியாவுக்குத் திரும்பியோர் சுமார் 60,000 பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு.

சட்டத்தின் கண்ணில் அந்நியனாகக் கருதப்பட்ட ஒருவன், அதே நாட்களில், 1965இல் திறக்கப்பட்ட பேராக் மைதானத்தின் படிக்கட்டில் அமர்ந்துகொண்டு தன் மாநிலம் வென்றதென்று கூத்தாடினான் என்பது வேடிக்கையான முரண்பாடாகத் தோன்றலாம். எனக்கு அது முரண்பாடாகத் தோன்றவில்லை. மைதானத்து வாயிலில் சீட்டுக் கிழிப்பவன் அடையாள அட்டையின் நிறத்தைக் கேட்டதில்லை. மண்ணின் மீது தனக்குள்ள உரிமையை வேறெங்கும் நிரூபிக்க இயலாதவன், அதை நிரூபிக்கத் தேவையில்லாத ஓரிடத்தில் சுகமாக அனுபவித்தான். பேராக் ரசிகத்தன்மையின் அஸ்திவாரம் இங்கேதான் இருக்கிறது என்பது என் துணிபு. வெற்றியை நம்பி உண்டான விசுவாசம் வெற்றி நின்றதும் நின்றுபோகும். இடத்தைப் பற்றிப் பிறந்த விசுவாசமோ இடத்தைப் போலவே தோல்வியிலும் நிலைத்திருக்கும்.

அதை 1970க்குப் பிந்திய இருபத்தெட்டு ஆண்டுகள் சோதித்துப் பார்த்தன. தோட்டங்கள் பல ரப்பரை அழித்துச் செம்பனைக்கு மாறின. பட்டணத்தை ஒட்டியவை வீடமைப்புத் திட்டங்களாயின. லயத்தைக் காலி செய்த குடும்பங்கள் ஈப்போவின் புந்தோங் போன்ற பகுதிகளிலும், பிறை, கிள்ளான் முதலிய தொழிற்பேட்டைகளின் ஓரங்களிலும் சிதறின. கோயிலைப் பெயர்த்துக் கொண்டுபோவது அரிது. பள்ளியைப் பெயர்ப்பது அதனினும் அரிது. திடலையோ பெயர்க்கவே முடியாது. எங்கே குடியேறினாலும் கூடவே வரக்கூடியதாக எஞ்சியது மாநிலத்தின் பெயரும் அதன் அணியுமே. 1990இல் முதன்முறையாக நடத்தப்பட்ட எஃப்.ஏ. கிண்ணத்தைப் பேராக் வென்றது ஓர் ஆறுதல். எனினும் அடுத்து வந்தது ஆறுதலளிப்பதாக இல்லை. 1994இலும் அதை ஒட்டியும் வெளிப்பட்ட சூதாட்ட லஞ்ச விவகாரத்தில் நாடெங்கும் 126 ஆட்டக்காரர்கள் விசாரிக்கப்பட்டார்கள். 58 பேர் ஆட்டத்திலிருந்து நிறுத்திவைக்கப்பட்டார்கள். ஆட்டக்காரரும் பயிற்றுநருமாக 21 பேர் நீக்கப்பட்டார்கள். 1994இன் இறுதியாட்டத்தில் பகாங்கை 4-0 என்று வென்ற கையோடு சிங்கப்பூரும் மலேசியப் போட்டிகளை விட்டு விலகியது. தோல்வியைச் சகித்துப் பழகிய ரசிகனுக்கு, தான் கண்ட தோல்விகளில் எவை உண்மையானவை என்ற சந்தேகம் பிறந்தது அப்போதுதான். மைதானங்களில் கூட்டம் குறைந்தது. 1996இல் வந்த ஆஸ்ட்ரோ தொலைக்காட்சி, இங்கிலாந்தின் ஆட்டங்களை வரவேற்பறைக்கே கொண்டுவந்து கொடுத்தது. புந்தோங்கின் இளைஞர் பலர் மான்செஸ்டருக்கும் லிவர்பூலுக்கும் சட்டை அணியத் தொடங்கினர்.

அத்தகைய சமயத்தில்தான் 1998ஆம் ஆண்டு பேராக் மீண்டும் இறுதியாட்டத்துக்கு வந்து, திரங்கானுவுடன் ஒரு கோலுக்கு ஒரு கோல் என்று சமநிலை கண்டு, பெனால்டி உதையில் 5-3 என்று வென்றது. இரண்டே ஆண்டில், 2000இல், நெகிரி செம்பிலானை 2-0 என்று வென்று மறுமுறையும் கிண்ணத்தைக் கைப்பற்றியது.

கிண்ணப் பருவத்தில் ரசிகர் நடந்துகொள்ளும் விதத்தைச் சற்று அருகில் நின்று நோக்குவோம். கால் இறுதியும் அரை இறுதியும் சொந்த மைதானத்தில் ஒன்று, எதிரியின் மைதானத்தில் ஒன்று என்று இரண்டிரண்டு ஆட்டங்களாக நடைபெறும் முறை ரசிகனைக் கணக்கனாக்கி விடுகிறது. வெளியூரில் ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்று வந்தால், 'அங்கே ஒரு கோல் போட்டிருக்கிறோம், இங்கே இரண்டு போட்டால் போதும்' என்று கோப்பிக்கடை மேசையில் விரலால் கோடு கிழித்து வாதிப்பவன், வீட்டுச் செலவுக் கணக்கை அவ்வளவு நுட்பமாகப் பார்ப்பவனாக இருக்க மாட்டான். ஆட்ட நாளன்று மைதானத்துக்கு வெளியே காச்சாங் பூத்தே வியாபாரியின் வண்டி நிற்கும். புந்தோங் அந்தப் பலகாரத்துக்குப் பேர்போன இடம். முறுக்கும், ஓமப்பொடியும், வறுத்த கடலையும், காரப் பட்டாணியும் கலந்து காகிதச் சுருளில் கட்டித் தருவார்கள். வழக்கமாக வருபவன் சென்ற வெற்றியின்போது எந்த வண்டியில் வாங்கினானோ அதே வண்டியைத் தேடிப் போவான். அன்று உட்கார்ந்த படியிலேயே இன்றும் இடம் பிடிப்பான். துவைத்தால் ராசி போய்விடும் என்று சட்டையைத் துவைக்காமல் வைத்திருப்போரும் உண்டு. குனோங் செரோவிலுள்ள கல்லுமலைச் சுப்பிரமணியர் சந்நிதியில் தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டு வந்தவனுக்குப் பக்கத்தில், மலாய்க்காரர் ஒருவர் உள்ளங்கைகளை ஏந்தித் துஆ ஓதிக்கொண்டிருப்பார். பெனால்டி உதைக்கும் கணத்தில் இருவரும் கண்ணை மூடிக்கொள்வார்கள். கூட்டத்தின் ஆரவாரத்தைக் கேட்டே, பந்து உள்ளே போயிற்றா, கம்பத்தில் பட்டதா என்பதை அறிவார்கள். தன் செயலால் பந்தின் போக்கு மாறாது என்பதை இவர்களில் எவரும் அறியாதவரல்லர். கைகட்டிப் பார்த்திருப்பதைத் தாங்க முடியாத மனம், தானும் ஒரு காரியம் செய்ததாகத் திருப்தி கொள்வதற்கே இந்த நியமங்கள் எல்லாம்.

மேனாட்டு மனோதத்துவ அறிஞர்கள் இவ்விஷயத்தை ஆராய்ந்திருக்கிறார்கள். 1976இல் ராபர்ட் சியால்டினியும் அவருடைய சகாக்களும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் நடத்திய ஆராய்ச்சியில், தம் அணி வென்ற வார இறுதிக்கு அடுத்த திங்கட்கிழமை, மாணவர்கள் பல்கலைக்கழகச் சின்னம் பொறித்த ஆடைகளை அதிகமாக அணிந்து வந்ததைக் கண்டார்கள். வெற்றி ஒளியில் குளிர்காய்வது ஜன சுபாவம் என்பது அவர்கள் கண்ட முடிவு. ஆனால் 1990இல் டானியல் வானும் நைலா பிரான்ஸ்கோம்பும், அணியோடு ஆழ்ந்த ஒன்றிப்பு உடையவர்கள் தோல்விக்குப் பின்னும் விலகுவதில்லை என்று எடுத்துக்காட்டினார்கள். காற்று வீசும் பக்கம் சாய்கின்ற ரசிகர் ஒரு ஜாதி, கடைசிவரை நிற்கும் ரசிகர் மற்றொரு ஜாதி. பேஸ்பால் என்னும் ஆட்டத்தில் சிகாகோ கப்ஸ் அணி 1908க்குப் பிறகு 2016 வரை, அதாவது 108 ஆண்டு, உலகத் தொடரை வெல்லவில்லை. பாஸ்டன் ரெட் சாக்ஸ் 1918 முதல் 2004 வரை 86 ஆண்டு காத்திருந்தது. அந்த ஊர்களில் பாட்டன் காணாத வெற்றிக்காகப் பேரன் காத்திருந்தான். அவர்களோடு ஒப்பிடுகையில் பேராக்கின் இருபத்தெட்டு ஆண்டு சிறியதே. ஆயினும் ஒரு பேதம் கருதத்தக்கது. சிகாகோவாசிக்கு அவன் வீடும் தெருவும் பிரஜாவுரிமையும் நிச்சயமானவை. அணி அவற்றின் மேல் வைத்த அலங்காரம். தோட்டத் தமிழனுக்கோ வீடு கம்பெனியுடையது, தெரு கம்பெனியுடையது, உரிமைப் பத்திரம் விசாரணையில் இருந்தது. அணி ஒன்றே சந்தேகமின்றித் தன்னுடையது. அவன் சட்டையைக் கழற்றாததற்குக் காரணம் பிடிவாதம் மட்டும் அன்று.

இவ்விடத்தில் ஓர் ஆட்சேபம் எழலாம். மாநில அணியில் தமிழர் எத்தனை பேர் ஆடினார்கள், தமக்குப் பிரதிநிதியே இல்லாத அணிக்காக ஆரவாரம் செய்வது வெறும் ஏமாற்றமாகாதா என்று கேட்கலாம். பேராக்கின் பழைய ஆட்டக்காரரான எம்.கராத்து பயிற்றுநராகி 2011இல் கிளந்தானை நாட்டின் உயர்நிலைப் போட்டியான சூப்பர் லீக்கில் வெற்றிக்கு நடத்தியதையும், கே.ராஜகோபால் 2010இல் தேசிய அணியைத் தென்கிழக்காசியச் சாம்பியனாக்கியதையும் தமிழர் பெருமையோடு நினைவுகூர்கிறார்கள், நினைவுகூர்வது நியாயமே. எனினும் பேராக் ரசிகன் தன் இனத்து ஆட்டக்காரன் களத்தில் இல்லாத ஆண்டுகளிலும் மைதானத்துக்குச் சென்றான் என்பதே உண்மை. அவன் அங்கே தேடிச் சென்றது தன் இனத்தின் முகத்தை அன்று. மற்ற இனத்தாரோடு சமமாக உட்காரும் ஓர் இடத்தை.

2007இல் பேராக் இறுதியாட்டத்துக்கு வந்து கெடாவிடம் 0-3 என்று தோற்றது. அதன்பின் பதினோராண்டு கழித்து, 2018 அக்டோபர் 27ஆம் நாள், ஷா ஆலம் மைதானத்தில் மீண்டும் அதே திரங்கானு எதிரே நின்றது. மெஹ்மெட் துராகோவிச்சின் பயிற்சியில் அவ்வாண்டு சூப்பர் லீக்கில் இரண்டாமிடம் பெற்றிருந்த பேராக், ஆட்டம் முடியும் தறுவாயில் பின்தங்கியிருந்தது. ஈப்போவிலிருந்து பஸ்களிலும் கார்களிலும் வந்தவர்கள் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தார்கள். பிரண்டன் கான் போட்ட கோல் கணக்கைச் சமன் செய்தது. 3-3 என்று நின்ற ஆட்டத்தைப் பெனால்டி உதையில் 4-1 என்று பேராக் வென்றது. இருபதாண்டு முன்னர் தகப்பன் கண்ட அதே முடிவை, அதே எதிரிக்கு எதிராக, மகன் கண்டான்.

இதற்குப் பின் நடந்தவை விசுவாசத்தின் மற்றோர் எல்லையை நமக்குக் காட்டுகின்றன. மூன்றே ஆண்டில், 2021இல், ஆட்டக்காரருக்குச் சம்பளம் கொடுக்க முடியாமல் அணி சிதறி, சூப்பர் லீக்கிலிருந்து கீழிறங்கியது. மாநிலச் சங்கத்தின் கையிலிருந்து தனியார் கிளப்பாக மாறி, உடைமையாளர் மாறி, 2023இல் மேல்நிலைக்குத் திரும்பியும், 2025இல் அந்தக் கிளப் சூப்பர் லீக்கிலிருந்தே விலகிக்கொண்டது. எட்டு முறை கிண்ணம் வென்ற மாநிலத்தின் பெயர் உயர்நிலைப் பட்டியலில் இல்லாமற் போனது. தோட்டம் விற்கப்பட்டதைக் கண்ட குடும்பங்கள், அணியும் அவ்வாறே ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குப் போவதைப் பார்த்தன. இரண்டிலும் தீர்மானம் செய்தவர்கள் அங்கே வாழ்ந்தவர்களைக் கலந்துகொள்ளவில்லை.

இவ்வளவையும் சீர்தூக்கிப் பார்க்குங்கால் பெறப்படும் முடிவு இது: தோல்வி ரசிகனின் விசுவாசத்தைக் குலைப்பதில்லை, இருபத்தெட்டு ஆண்டுத் தோல்வி அதைக் குலைக்கவில்லை. அதைக் குலைக்க வல்லவை பொய்யான ஆட்டமும், கொடுக்கப்படாத சம்பளமும், கணக்குக் காட்டாத நிர்வாகமுமே. அணியை இனி யார் ஏற்று நடத்தினாலும், சம்பளத்தை ஒழுங்காகக் கொடுப்பதும், வரவு செலவைப் பகிரங்கமாக வெளியிடுவதும், ரசிகரின் பிரதிநிதிகளுக்கு நிர்வாக சபையில் இடம் அளிப்பதும் அவர்களுடைய முதற் கடமை. தமிழ் வாசகர்க்கும் ஒரு கடமை உண்டு. தோட்டத் திடல்களில் ஆடியவர்களிலும், 1967, 1970 வெற்றிகளை ரேடியோவில் கேட்டவர்களிலும் எஞ்சியிருப்போர் முதுமை எய்திவிட்டார்கள். தோட்டத்து அணிகளின் பெயர்களும், ஆடியவர்களின் பெயர்களும், ஆடிய திடல்களின் இருப்பிடமும் புத்தகங்களில் இல்லை. அவர்களுடைய ஞாபகத்தில் மட்டுமே இருக்கின்றன. உங்கள் வீட்டில் அத்தகைய பெரியவர் ஒருவர் இருந்தால், இந்த வாரமே அருகில் உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள்.